எஸ்யூவியைக் கொடுத்துவிட்டு டீசல் வேகன்: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வீடு ஜூரோங் வெஸ்ட்டில், வேலை சாங்கியில். தீவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்வர தினமும் 80 கிலோமீட்டர். ஏழு வருடம் 2.5 லிட்டர் பெட்ரோல் எஸ்யூவி ஓட்டினேன். மூன்று வருடத்துக்கு முன் அதைக் கொடுத்துவிட்டு, நாலு வயதான 1.6 லிட்டர் டீசல் ஸ்டேஷன் வேகன் (பின்பக்கம் கூரையோடு நீண்ட கார்) ஒன்றை வாங்கினேன். அன்றிலிருந்து கல்யாண வீடு, கோயில், கார் நிறுத்துமிடம் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் இதைப் பற்றிக் கேட்கிறார். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

புதிய டீசல் வேகன் எங்கே கிடைக்கும்?

எங்கேயும் கிடைக்காது. 2025 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவு செய்ய முடியாது. வெளிநாட்டிலிருந்து இறக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். இங்கே அதுவும் புதிய பதிவுதான். ஏற்கனவே சாலையில் இருக்கும் டீசல் கார்களை வாங்கலாம், விற்கலாம், ஓட்டலாம். ஆகவே இந்தப் பக்கம் முழுக்கப் பழைய வண்டி பற்றிய பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

என் கணக்கையே சொல்கிறேன். வேலை, வாரக்கடைசி, மலேசியப் பயணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு சுமார் 22,000 கிலோமீட்டர் ஓடுகிறேன். எஸ்யூவி லிட்டருக்கு 7.5 கிலோமீட்டர் கொடுத்தது. வேகன் 18 கொடுக்கிறது. கார்டு தள்ளுபடி போக லிட்டருக்குப் பெட்ரோல் 2.50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), டீசல் 2.30 வெள்ளி என்று வட்டமாக வைத்துக்கொண்டால்:

எஸ்யூவிக்கு 2,933 லிட்டர், 7,330 வெள்ளி.
வேகனுக்கு 1,222 லிட்டர், 2,810 வெள்ளி.

வித்தியாசம் ஏறக்குறைய 4,500 வெள்ளி. விலை வாரத்துக்கு வாரம் மாறும். நீங்கள் போடும் நிலையத்தின் இன்றைய விலையை வைத்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

இந்தத் தொகையைச் சொன்னதும் பலருக்குக் கண் விரியும். கொஞ்சம் பொறுங்கள். 2023 அக்டோபரில் சிஓஇ, அதாவது பத்து வருடம் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ், சிறிய கார்களுக்கு 106,000 வெள்ளியையும் பெரிய கார்களுக்கு 150,001 வெள்ளியையும் தொட்டது. பத்து வருடத்துக்கு 106,000 என்றால் ஒரு நாளைக்கு 29 வெள்ளி. வண்டி கீழே புளோக்கில் சும்மா நின்றாலும் அந்த 29 வெள்ளி போய்க்கொண்டேதான் இருக்கும். எனக்கு டீசலால் மிச்சமாவது ஒரு நாளைக்கு 12 வெள்ளி. இந்த ஊரில் கார் வைத்திருப்பவன் செலவில் எண்ணெய் பெரிய அண்ணன் இல்லை, தம்பிதான்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது வருடத் தேய்மானம். கேட்கும் விலையிலிருந்து பேப்பர் வேல்யூவை (பத்து வருட முடிவில் பதிவை ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் தொகை) கழித்து, மிச்சமிருக்கும் வருடங்களால் வகுங்கள். 60,000 வெள்ளி விலை, 8,000 பேப்பர் வேல்யூ, நாலு வருடம் மிச்சம் என்றால் வருடத்துக்கு 13,000. உங்கள் எஸ்யூவியின் தேய்மானம் இப்போது வருடத்துக்கு 9,000தான் என்றால், எண்ணெயில் 4,500 மிச்சம் பிடிக்கப் போய்த் தேய்மானத்தில் 4,000 கூடுதலாகக் கொடுப்பீர்கள். மிச்சம் 500 வெள்ளி. பழைய கடனை அடைத்துப் புதிய கடனுக்கு வட்டி கட்டினால் அதுவும் போய்விடும். எஸ்யூவியின் சிஓஇயில் இரண்டு வருடம்தான் பாக்கி என்றால், பேசாமல் அதையே ஓட்டி முடியுங்கள் என்பேன்.

நான் அதிகம் ஓட்டுவதில்லை. மாறலாமா?

வேண்டாம். வருடத்துக்கு 9,000 கிலோமீட்டர், அதுவும் பேட்டைக்குள்ளேயே என்றால், மிச்சம் அதிகபட்சம் 1,850 வெள்ளிதான். கீழே சொல்லப் போகும் ஒரு வடிகட்டி கெட்டுப்போனால் அந்தப் பணமும் அதற்கு மேலும் ஒரே நாளில் காலி.

அதே சாலை, அதே ஆள். டீசல் மட்டும் எப்படிக் குறைவாகக் குடிக்கிறது?

மூன்று காரணங்கள். பெட்ரோல் இயந்திரத்தில் தீப்பொறி வைத்துப் பற்றவைக்கிறோம். டீசலில் காற்றை அழுத்தியே சூடாக்கி, அந்தச் சூட்டில் எரிய விடுகிறோம். அதிக அழுத்தம் என்றால் ஒவ்வொரு துளியிலிருந்தும் அதிக வேலை. இரண்டாவது, பெட்ரோல் இயந்திரம் காற்று நுழையும் வழியை ஒரு தட்டால் பாதி அடைத்துக்கொண்டுதான் மெதுவாக ஓடும், மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு விடுவது போல. டீசலுக்கு அந்தப் பாடு அநேகமாக இல்லை. மூன்றாவது, ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்துச் சதவிகிதத்துக்கும் மேல் சக்தி அடங்கியிருக்கிறது.

ஆனால் என் மிச்சத்தில் பாதியளவு புகழ் டீசலுக்கு இல்லை, வேகனுக்குத்தான். எஸ்யூவி உயரமாக, அகலமாக, 300 கிலோ கூடுதலாக இருந்தது. விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைத் தள்ளிக்கொண்டு போவதே அதற்குப் பெரிய வேலை.

இன்னொன்று: லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற எண் ஆளை ஏமாற்றும். 7.5-லிருந்து 9-க்கு ஏறினால் 100 கிலோமீட்டருக்கு 2.2 லிட்டர் மிச்சம். 18-லிருந்து 22-க்கு ஏறினால் ஒரு லிட்டர்தான். கெட்டதைச் சுமாராக்குவதில்தான் பணம் இருக்கிறது. நல்லதை இன்னும் நல்லதாக்க அலைய வேண்டாம்.

சாலை வரி குறையுமா?

இயந்திர அளவு குறைந்தால் குறையும். 2,500 சிசிக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 1,800 வெள்ளி, 1,600 சிசிக்கு 743. டீசலுக்கு அதற்கு மேல் தனியாக ஒரு சிறப்பு வரி உண்டு. யூரோ தரம் (புகைக்கான ஐரோப்பிய அளவுகோல்) பழையதாக இருந்தால் அந்த வரி கடிக்கும், யூரோ 5 அல்லது அதற்கு மேல் என்றால் தாங்கலாம். வண்டி எண்ணை வைத்து அரசாங்கத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் பார்த்துவிட்டே விலை பேசுங்கள்.

பம்பில் டீசல் மலிவாகத் தெரிவதற்கும் வரிதான் முக்கியக் காரணம். 2019-லிருந்து டீசலுக்கு லிட்டருக்கு 20 காசு தீர்வை. 2021-லிருந்து 95 பெட்ரோலுக்கு 66 காசு, 98 பெட்ரோலுக்கு 79 காசு. அரசாங்கம் நினைத்தால் இந்த இடைவெளி ஒரே வரவுசெலவுத் திட்டத்தில் சுருங்கிவிடும். 2017 வரை டீசலுக்கு இந்தத் தீர்வையே இல்லாமல்தான் இருந்தது.

டிபிஎஃப் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

புகைபோக்கி வழியில் இருக்கும் கரித்தூள் வடிகட்டி. டீசல் எரியும்போது வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் வண்டி தானாகவே கொஞ்சம் கூடுதல் டீசலைச் செலுத்தி, வடிகட்டியை 600 டிகிரி வரை சூடாக்கிக் கரியை எரித்துச் சாம்பலாக்கும். அதற்கு இயந்திரம் சூடாக, நிற்காமல், ஒரு கால் மணி நேரமாவது ஓட வேண்டும். எனக்கு பிஐஇ விரைவுச்சாலை இருக்கிறது, கவலை இல்லை. வீட்டிலிருந்து பிள்ளையின் துணைப்பாட நிலையத்துக்கும் அங்கிருந்து பேரங்காடிக்கும் மட்டும் போகிற வண்டிக்கு அந்தக் கால் மணி நேரம் கிடைக்கவே கிடைக்காது.

வாங்கிய முதல் டிசம்பரில் நானே மாட்டினேன். வேலை விஷயமாக மூன்று வாரம் வெளியூர் போயிருந்தேன். மனைவி வண்டியை ஜூரோங் பாயிண்ட்டுக்கும் நீச்சல் வகுப்புக்கும் மட்டும் எடுத்திருக்கிறாள். ஒரு நாள் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கதவைப் பூட்டிய பிறகும் முன்பக்க விசிறி ஹோவென்று சுற்றிக்கொண்டிருக்க, காய்ந்த இரும்பு போல ஒரு வாடை. பக்கத்து இடத்தில் நின்ற அங்கிள் ஒருவர், "கார் எரியுதா?" என்று கேட்டுவிட்டுத் தன் வண்டியைத் தள்ளி நிறுத்தினாராம். கரியை எரித்துக்கொண்டிருந்த வேலையைப் பாதியில் நிறுத்தியதால் வந்த சத்தம் அது. இப்படி நாலைந்து தடவை பாதியில் நின்றதும் மஞ்சள் விளக்கு வந்துவிட்டது.

நான் திரும்பி வந்த அன்றிரவு பதினொரு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு பிஐஇ வழியாகச் சாங்கி வரை போய், ஈசிபி, ஏஒய்இ வழியாகத் திரும்பினேன். கிழக்குக் கடற்கரையைத் தாண்டும்போது விளக்கு அணைந்தது. அந்த ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நாலரை லிட்டர் டீசல். விளக்கைக் கண்டும் காணாமல் இன்னும் இரண்டு வாரம் ஓட்டியிருந்தால் வண்டி தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். அப்புறம் வொர்க்ஷாப்தான், பில்லில் நாலு இலக்கம்தான்.

ஒரு சின்னப் பழக்கம் சொல்கிறேன். மாதம் ஒரு முறை எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்கள். இயந்திர எண்ணெய் குறைந்தால் எல்லோரும் கவலைப்படுவார்கள். டீசல் காரில் அளவு கூடினால்தான் கவலைப்பட வேண்டும். எரிக்கும் வேலை பாதியில் நிற்கும்போது மிஞ்சிய டீசல் எண்ணெயோடு கலந்து மட்டத்தை உயர்த்தும். எண்ணெய் மாற்றும்போதும் டிபிஎஃப் வண்டிக்கென்றே வரும் சாம்பல் குறைந்த எண்ணெய்தானா என்று டப்பாவைக் கையில் வாங்கிப் பாருங்கள். எனக்கு ஒரு வொர்க்ஷாப்பில் சாதாரண எண்ணெயை ஊற்றப் பார்த்தார்கள். டப்பாவைக் காட்டுங்கள் என்றதும், "எல்லாம் ஒன்றுதான் பாஸ்" என்றார்கள். ஒன்றில்லை.

ஆட்புளூ?

யூரியாவும் தண்ணீரும் கலந்த திரவம். யூரியா 32.5 சதவிகிதம். புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரோ 6 டீசல் கார்கள் பலவற்றில் இதற்குத் தனித் தொட்டி உண்டு. தீர்ந்துபோனால் வண்டி மறுபடி கிளம்பாது, ஆனால் பல நூறு கிலோமீட்டருக்கு முன்பிருந்தே நச்சரித்துக்கொண்டிருக்கும். டீசல் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

தவறிப்போய்ப் பெட்ரோல் போட்டுவிட்டால்?

இயந்திரத்தை முடுக்காதீர்கள். சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம். இழுவை வண்டியைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காலி செய்யச் சொல்லுங்கள். டீசல் பம்புக்கு டீசலேதான் மசகு. பெட்ரோல் போனால் உலோகம் உலோகத்தோடு உராய்ந்து பொடியாகும்.

நம்மூர் நிலையங்களில் வயதான அண்ணன்மார்தான் ஊற்றிக் கொடுக்கிறார்கள். நாள் முழுக்கக் கார்களுக்குப் பெட்ரோல் போட்ட கை, பழக்கத்தில் 95-ஐத்தான் எடுக்கும். டீசல் குழாயின் மூக்கு பெரியது, பெட்ரோல் காருக்குள் நுழையாது. பெட்ரோல் குழாய் சிறியது, டீசல் காருக்குள் வழுக்கிக்கொண்டு போகும். அதாவது தப்பு ஒரு பக்கம்தான் சுலபமாக நடக்கும், அதுவும் நம் பக்கம். நான் இறங்கி நின்று, "டீசல், அங்கிள், டீசல்" என்று இரண்டு முறை சொல்வேன். மூடியிலும் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன்.

ஜோகூரில் போட்டுக்கொண்டால் இன்னும் லாபம்தானே?

அந்தக் காலம் முடிந்தது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் மானியத்தை எடுத்தார்கள். 2.15 ரிங்கிட்டாக இருந்தது ஒரே நாளில் 3.35 ஆனது. அதன்பின் சந்தை விலையோடு ஏறி இறங்குகிறது. போகும்போது தொட்டியில் முக்கால்வாசி இருக்க வேண்டும் என்ற சிங்கப்பூர்ச் சட்டமும் இருக்கிறது. மலேசியப் பக்கம் வெளிநாட்டு வண்டிகளுக்கான விஇபி பதிவு இல்லாமல் போனால் 2025 ஜூலையிலிருந்து அபராதம். வரிசையில் நிற்கும் நேரத்துக்கும் விலை போட்டால் டீசலுக்காக மட்டும் கடற்பாலம் தாண்டுவது எனக்குச் சரிப்படவில்லை.

நீண்ட பயணம் என்றால் கதையே வேறு. துவாஸ் வழியாகக் கோலாலம்பூர் போய், இரண்டு நாள் சுற்றி, வீட்டுக்குத் திரும்பி வரும்வரை ஒரே தொட்டி. எஸ்யூவியில் போன காலத்தில் பாகோவிலோ ஆயர் குரோவிலோ கட்டாயம் ஒரு நிறுத்தம் உண்டு. இப்போதும் நிற்கிறோம், தே தாரிக்குக்காக.

வேகனில் இடம் போதுமா? பார்க்க ஒரு மாதிரி இருக்கிறதே?

ஒரு மாதிரி என்றால் என்ன என்று தெரியும். பெரியம்மா முதல் தடவை பார்த்ததும், "என்னடா, பொணம் ஏத்துற வண்டி மாதிரி இருக்கு" என்றார்கள். அடுத்த மாதமே தன் பழைய தையல் இயந்திரத்தை ஈசூனிலிருந்து கொண்டுவர அதே வண்டியைத்தான் கூப்பிட்டார்கள்.

நடைமுறையில் எஸ்யூவியைவிட இதில்தான் சாமான் ஏற்றுவது சுலபம். தளம் இடுப்புக்குக் கீழே இருக்கிறது, தூக்கத் தேவையில்லை, தள்ளினால் போதும். ஸ்கோடா ஆக்டேவியா வேகனின் மூன்றாம் தலைமுறையில் பின்பக்கம் 610 லிட்டர். இருக்கைகளைத் தொடவே வேண்டாம். பொங்கலுக்கு கேம்பல் லேனில் கரும்பு வாங்கி, பின் இருக்கையை மடக்கி, நீளவாக்கில் வைத்தேன். நுனி மட்டும் எனக்கும் மனைவிக்கும் நடுவே வந்து கியரைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஜூரோங் வரும்வரை சோகை அவள் கன்னத்தில் உரசியபடி வந்தது. எஸ்யூவி காலத்தில் கரும்பை இரண்டாக வெட்டித்தான் கொண்டுவருவோம்.

இழப்பும் உண்டு. மாமனாருக்கு முழங்கால் வலி. எஸ்யூவியில் அப்படியே உட்காருவார். இதில் கீழே இறங்கி உட்கார்ந்து, எழும்போது கதவைப் பிடித்துக்கொண்டு "முருகா" என்பார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதலில் அவர்களை உட்காரவைத்துப் பாருங்கள். வாங்கும் முன் நான் அதைச் செய்யவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் இடத்தின் அளவு 2.4 மீட்டருக்கு 4.8 மீட்டர். வேகன் அகலத்தில் நிம்மதி தரும், நீளத்தில் மூக்கு கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

டீசல் புகை கெடுதல் இல்லையா?

கெடுதல்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. 2015-ல் ஃபோக்ஸ்வாகன் பரிசோதனையில் ஏமாற்றியது வெளியானபின் "சுத்தமான டீசல்" என்ற விளம்பரத்தை நான் நம்புவதில்லை. கரியமில வாயுவைப் பார்த்தால் என் கணக்கு நல்லது: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ, டீசலுக்கு 2.7 கிலோ என்ற விகிதத்தில், எஸ்யூவி வருடத்துக்கு 6.7 டன் விட்டது, வேகன் 3.3 டன் விடுகிறது. நைட்ரஜன் ஆக்சைடைப் பார்த்தால் நான் வாயைத் திறக்க முடியாது. புதிய பதிவை நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன். இருக்கும் வண்டியை நல்ல நிலையில் வைத்து ஓட்டுவதும், பள்ளி வாசலில் காத்திருக்கும்போது இயந்திரத்தை அணைப்பதும் என் பங்கு. நின்ற வண்டியில் இயந்திரத்தை ஓடவிடுவது இங்கே குற்றமும்கூட.

பழைய டீசல் வேகன் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பெட்ரோல் காரில் ஓட்டம் குறைவாக இருந்தால் சந்தோஷப்படுவோம். டீசலில் சந்தேகப்படுங்கள். ஆறு வருடத்தில் 40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றால் அது பேட்டைக்குள் சுற்றிய வண்டி, வடிகட்டி பாதி அடைந்திருக்கும். அதே வயதில் 1,20,000 ஓடியது விரைவுச்சாலை வண்டியாக இருக்கலாம். நான் அதைத்தான் எடுப்பேன். முந்தைய உரிமையாளர் எங்கே குடியிருந்தார், எங்கே வேலை பார்த்தார் என்று விற்பவரிடம் பேச்சுவாக்கில் கேளுங்கள்.

பார்க்கப் போகும் முன், வண்டியைச் சூடாக்கி வைக்காதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இயந்திரம் முதல் முடுக்கிலேயே பிடிக்கிறதா, புகை என்ன நிறம் என்று பாருங்கள். வைகாம், எஸ்டிஏ போன்ற பரிசோதனை நிலையத்துக்கு ஒரு தடவை கொண்டுபோக விற்பவர் சம்மதிக்காவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஹைப்ரிட்டோ மின்சாரக் காரோ வாங்கியிருக்கலாமே?

இன்று முதன்முதலாகத் தேடுகிறவர் என்றால், ஆமாம். பேட்டைக்குள் ஓட்டுகிறவருக்கு ஹைப்ரிட் வேகன், ஹோண்டா ஷட்டில் மாதிரி, டீசலைவிடப் பல மடங்கு பொருத்தம். நெரிசலில் நின்று நின்று போவதுதான் அதன் பலம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டு கார் நிறுத்துமிடங்களில் மின்னூட்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. 2030-க்குள் தீவு முழுக்க 60,000 என்பது திட்டம். அந்த வருடத்திலிருந்து புதிதாகப் பதிவாகும் எல்லா கார்களும் தூய எரிசக்தியில்தான் ஓட வேண்டும். நான் வாங்கியபோது எங்கள் புளோக்கில் ஒரு மின்னூட்டிகூட இல்லை.

எப்போது விற்பதாக யோசனை?

விற்பதாக இல்லை. 2019-ல் பதிவான வண்டி. பத்து வயது ஆகும் முன் பதிவை ரத்து செய்தால் கட்டிய ஏஆர்எஃப்-ல் (கூடுதல் பதிவுக் கட்டணம்) பாதி கையில் வரும், அதோடு முடித்துக்கொள்வேன். சிஓஇயைப் புதுப்பித்தால் அந்தப் பணம் போய்விடும், சாலை வரியும் முதலில் 10 சதவிகிதம் கூடி, வருடாவருடம் ஏறி 50 வரை போகும்.

அக்கா மகன் ஓட்டுநர் உரிமம் எடுத்ததிலிருந்து, "மாமா, அதுவரைக்கும் எனக்குக் கொடுங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். கொடுக்க மனம் உண்டு. ஆனால் அவன் வீடு கிளமெண்டியில், பல்கலைக்கழகம் கென்ட் ரிட்ஜில். நாலு கிலோமீட்டர்.